முக்கியப் பகுதிக்குச் செல்க

பாளையங்கோட்டையில் பொருநை குடியிருப்பு என்று ஒன்று உண்டு. அங்கே கொஞ்ச காலம் காலை என்பதே இல்லாமல் இருந்தது. ராத்திரி படுத்தால், விழிப்பு வரும்போது நேராகப் பத்து மணி. இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று இழுத்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது, நடந்ததைச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு என் சோலியைப் பார்க்கப் போவேன்.

எல்லாம் தண்ணீரில்தான் ஆரம்பித்தது. எங்கள் குடியிருப்புக்கு மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. ஆகையால் எங்கள் சங்கத்தின் செயலாளர் பிச்சுமணி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு யாருக்கும் ஓய்வு கொடுக்காதவர், சங்கத்துக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கி அன்றன்றைக்குத் தண்ணீர் விடும் நேரத்தை அதில் போட்டுவந்தார். போட்டது சரி, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உச்சியில் சங்கத்தின் சின்னம், அதன் கீழே ரோஜாமாலையோடு பிச்சுமணி, அதன் கீழே இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டேயிருக்கும் பிறந்தநாள் வாழ்த்து, வண்டி நிறுத்தும் விதிகள், நாய் வளர்க்கும் விதிகள், துணி காயப்போடும் விதிகள், மறுபடியும் வேறொரு சால்வையோடு பிச்சுமணி, இவ்வளவையும் தாண்டி அடியில்தான் தண்ணீர் இருக்கும். கண் இருக்கிற நாங்கள் விரலால் ஒரு தள்ளுத் தள்ளி அவரைக் கடந்துவிடுவோம்.

எப்சிபாவால் கடக்க முடியவில்லை. எங்கள் பிளாக்கின் தரைத்தளத்துக்கு வாடகைக்கு வந்தவள், முப்பது வயது இருக்கும், பிறவியிலேயே பார்வை கிடையாது. கண் தெரியாதவர்கள் வெப்சைட்டுகளில் எங்கெங்கே இடறுகிறார்கள், அந்தக் கல்லையெல்லாம் எப்படி எடுத்துப் போடுவது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். அவளுடைய லேப்டாப் திரையில் இருப்பதை உச்சியிலிருந்து வாசித்துக்காட்டும், நமக்கு அது கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கும், அவ்வளவு வேகம். அந்த வேகத்திலும், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் அது சின்னத்தில் தொடங்கி, படம், படம், வாழ்த்து, விதி, விதி, விதி, படம் என்று போய்த் தண்ணீரைத் தொடுவதற்குள் குழாயில் காற்றுதான் வரும்.

காலிக் குடத்தோடு என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு குடம் தண்ணி கிடைக்குமா? உங்க செக்ரட்டரி மாலையைக் கழட்டுறதுக்குள்ள இன்னைக்கும் நின்னுபோச்சு."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரை அவள் வாசலில் வைத்துவிட்டு வருவேன். என் பெயர் வடிவு. கான்வென்டில் படித்தவள், சிஸ்டர்கள் எனக்கு நல்ல இங்கிலீஷும் கெட்ட கோபமும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஜெபமாலையில் ஒரே ஜெபத்தை மணி மணியாக உருட்டிச் சொல்லும்போது, ஒரு தடவை சொன்னால் ஆண்டவருக்குக் காது கேட்காதா என்று கேட்டு முழங்காலில் நின்றிருக்கிறேன். சொன்னதையே சொல்வதும் செய்ததையே செய்வதும் எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவளைத்தான் கொண்டுபோய் மாவாட்டி, இட்லி ஊற்றி, டப்பா கட்டி, மகள் நித்திலாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, பெருக்கி, துவைத்து, மறுபடியும் மாவாட்டுகிற ஒரு வாழ்க்கையில் கட்டிக்கொடுத்தார்கள்.

எப்சிபா ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். லேப்டாப்பின் வேகத்தை நமக்குத் தக்கபடி குறைத்து, தண்ணீர் எத்தனை மணிக்கு என்று மட்டும் கண்டுபிடியுங்கள் என்றாள். என் வீட்டுக்காரர் உலகநாதன், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, வீட்டில் தன்னுடைய துண்டைக்கூடத் தானாகத் தேடி எடுக்காதவர், நாய் விதிகள் வரும்போதே குறட்டை விட்டார். பிச்சுமணிக்கு மாலையோடு நிற்கிற தன்னை அந்தக் குரல் வெறும் "படம்" என்று சொல்லிவிட்டுப் போனதில் முகம் தொங்கிப்போயிற்று. கறுப்புக்குள் அந்தக் குரல் வாழ்த்து, விதி, விதி என்று போய்க்கொண்டேயிருக்க, இது முடியாமலே போய்விடுமோ, இதற்குள்ளேயே கிடந்து செத்துப்போவோமோ என்று எனக்கு ஒரு பயம், அங்கே தூங்காமல் இருந்த எல்லாருக்கும் அது வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

துண்டை அவிழ்த்ததும் எப்சிபா சொன்னாள், "பெரிய வேலை ஒண்ணுமில்ல சார். பக்கத்தோட தலையில ஒரு லிங்க் வைக்கணும். முக்கியப் பகுதிக்குச் செல்கன்னு. அதை அழுத்தினா, எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரி வர்றதைத் தாண்டி நேரா விஷயத்துல போய் இறங்கிரலாம். அழுத்தாட்டா மொத்தத்தையும் கேக்கலாம்."

"வச்சிருவோம்," என்றார் பிச்சுமணி. "ஆனா ஒரு வீட்டுக்குச் செஞ்சா எல்லா வீட்டுக்கும் செய்யணும், அது சங்க விதி. மூணாவது மாடியில ஒருத்தர் கொசுவலை கேட்டார், எல்லார் ஜன்னலுக்கும் அடிச்சோமா இல்லையா?"

"இது கொசுவலை இல்லயே சார்."

"எல்லார்க்கும் தன்னால அழுத்திக்கிடுற மாதிரி போட்டிருவோம். யாரும் கைய அசைக்க வேண்டாம்."

"தன்னால அழுத்தக் கூடாது சார்." எப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். "அழுத்துறதும் அழுத்தாததும் கேக்குறவங்க கையில இருக்கணும். அது மட்டும்தான் இதுல விஷயமே."

"அப்போ உங்களுக்கு மட்டும் உங்க இஷ்டப்படி வச்சுக்கிடுங்க. மத்தவங்க எல்லார்க்கும் விதிப்படி," என்று சொல்லிவிட்டு, யாரையோ போனில் பிடித்து அன்றைக்கே அதைச் செய்து முடித்தார் பிச்சுமணி.

அதற்கு மறுநாள் எங்களுக்குப் பத்து மணிக்கு விடிந்தது.

நான் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தபடியாக அடுப்படியில் ஈரக்கையோடு நிற்கிறேன், பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறது, கொடியில் துணி சொட்டுகிறது, அவரும் இல்லை, நித்திலாவும் இல்லை, இட்லிக் கொப்பரை ஆவி பட்டு என் பெருவிரல் சிவந்து எரிகிறது, சுட்டது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் வராண்டா முழுக்க வாசலுக்கு ஒருத்தியாக ஈரக்கையோடு நின்றுகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏட்டி வடிவு, படுக்கையில இருந்து நேரா ஆபீஸ் நாற்காலி. பல்லு வெளக்கியிருக்கு, ஷேவ் பண்ணியிருக்கு, வயிறு நெறஞ்சிருக்கு. என்னத்தத் தின்னேன்னு மட்டும்தான் தெரியல."

"தெரிஞ்ச காலத்துல மட்டும் சொல்லிட்டீங்களாக்கும்," என்றேன்.

அப்படித்தான் எங்கள் ஊர் அதை ஏற்றுக்கொண்டது, புதிதாக வந்த மருமகளை ஏற்றுக்கொள்கிற மாதிரி, முதல் வாரம் அதிசயமாகவும் இரண்டாவது வாரம் வசதியாகவும். ஆண்களுக்குச் சமாதானபுரம் சிக்னலில் நிற்பது போயிற்று, பஸ் நெரிசல் போயிற்று, மேலதிகாரிக்கு வைக்கிற வணக்கம் போயிற்று. நடைப்பயிற்சி போகும் பெரியவர்களுக்கு நடந்த ஞாபகம் இல்லை, ஆனால் சர்க்கரை இறங்கியிருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து அசெம்பிளி போயிற்று. காலை ஜெபத்தை ஞாபகமில்லாமல் சொல்லியிருந்தால் அது சொன்ன கணக்கா சொல்லாத கணக்கா என்று போதகரைக் கேட்டார்கள். இத்தனை வருஷமும் ஞாபகத்தோடா சொன்னீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார், அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், புரோக்கர்கள் குடும்பம் குடும்பமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், வாடகை ஏறியது, பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், பிச்சுமணிக்கு மறுபடியும் ஒரு மாலை போட்டுப் படம் எடுத்து வெப்சைட்டின் உச்சியில் வைத்தார்கள், எல்லாரும் தாண்டிப்போகிற இடத்தில்.

காணாமல்போன காலையில் அந்த வேலையையெல்லாம் செய்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இட்லி இருந்தது. அது போதும்.

ஆனால் அந்த லிங்க் காலையோடு நிற்கவில்லை. ஒரே மாதிரி வருவதைத் தாண்டு என்பதுதானே அதற்குச் சொல்லிக்கொடுத்தது, அதனால் ஒரே மாதிரி வந்த எல்லாவற்றையும் அது தாண்டிக்கொண்டே போனது. மத்தியானச் சமையல் போயிற்று. சாயங்காலக் காபி போயிற்று. துணி மடிப்பது, ராத்திரி தோசை, மாடியில் நின்றுகொண்டு நாங்கள் பேசுகிற அதே பேச்சு, எல்லாம் போயிற்று. எங்கள் வீட்டில் சண்டை ஒரே சண்டைதான், கல்யாணமான நாளிலிருந்து அதே சண்டை, அதே வரிசையில் அதே வார்த்தை. அதுவும் போய், கன்னம் மட்டும் ஈரமாக இருக்கும். அவருக்கு ஆபீஸில் தினம் ஏதாவது ஒரு புதுப் பிராது வரும், ஆகையால் அவர் நாள் பத்து மணிக்குத் தொடங்கினாலும் நீளமாகவே இருந்தது. என் நாளில் புதிதாக என்ன வரும். பதினொரு மணிவாக்கில் கொஞ்சம், சாயங்காலம் கரண்ட் போனால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வரவேயில்லை. வியாழன் ராத்திரி படுத்தவள் சனிக்கிழமையில் நின்றேன். வெள்ளிக்கிழமைச் சாம்பார் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது, நல்ல ருசி, என் கைப்பக்குவம்தான். அதைக் கரண்டியோடு வாயில் வைத்தபடி நின்றபோதுதான் முதல்முதலாக எனக்கு உறைத்தது. புதிதாக ஒன்றும் நடக்காவிட்டால் நான் அடியோடு தாண்டப்பட்டுவிடுவேன், சமையல் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

ஆகையால் புதிது புதிதாகச் செய்ய ஆரம்பித்தேன். தோசையைச் சதுரமாக வார்த்தேன். சேலையை உள்புறம் வெளியே தெரியக் கட்டினேன். முருங்கை மரத்தோடு இங்கிலீஷில் பேசினேன். நான் மட்டுமா, சி பிளாக்கில் ஒருத்தி ரசத்தில் மாம்பழத்தை நறுக்கிப்போட்டாள், இன்னொருத்தி படியில் பின்பக்கமாக ஏறினாள், கோயிலுக்குப் போகிறவள் சர்ச்சுக்கும் சர்ச்சுக்குப் போகிறவள் கோயிலுக்கும் போனார்கள். பெண்களுக்கு வயசுக் கோளாறு என்று ஆண்கள் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான் கைகொடுக்கும், இரண்டாம் தடவை சதுரத் தோசையும் பழைய தோசைதான்.

எங்களுக்கு மேல்வீட்டுச் செண்பகத்துக்குப் புதிதாக யோசிக்கத் தெம்பில்லை. கைக்குழந்தைக்காரி. ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"மதினி, பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு."

"நல்லதுதானட்டி."

"நான் எப்போ பால் கொடுத்தேன்? இவன் குடிச்சிருக்கான், குண்டாத்தான் இருக்கான், ஆனா நான் கொடுக்கல மதினி. கொடுத்ததா எனக்குக் கணக்கே இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. அதன் பிறகு நாளும் கிழமையும் போயிற்று, அவள் கண்ணில் படவேயில்லை. அவள் வீட்டுக்காரன் மாடசாமியைப் படியில் மறித்தேன்.

"செண்பகத்த எங்க? ஆளையே காணோமே."

"வீட்டுலதான் இருப்பா."

"இருப்பாளா? நீங்க பாத்தீங்களா?"

மாடசாமி கொஞ்சம் யோசித்தான். "பாத்ததா ஞாபகம் இல்லக்கா. ஆனா சாப்பாடு வருது, துணி மடிச்சிருக்கு, பிள்ளை நல்லா இருக்கான். இருக்கா, இருக்கா," என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கிப்போனான்.

உச்சி வெயிலில், சுடுகிற படிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத மேல்படியையே பார்த்து நின்றேன்.

நித்திலா ப்ளஸ் டூ. பங்குனியில் பரீட்சை முடிந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது, பிறகு கோயம்புத்தூரில் காலேஜும் ஹாஸ்டலும். இரட்டைப் பின்னல் என்பது அவள் பள்ளிக்கூடத்து விதி, பாலர் வகுப்பிலிருந்து தினமும் காலையில் பின்னிவிடுவது நான்தான், தினமும் திட்டிக்கொண்டேதான் பின்னுவேன், அவளும் தினமும் முனகிக்கொண்டேதான் உட்காருவாள். அந்தக் காலைகளில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். அவை என் கையால் நடந்துகொண்டிருக்கின்றன, நான் அங்கே இல்லை. சாயங்காலம் அவள் தலையில் என் பின்னல் இருக்கும், யாரோ போட்டதுபோல. அவள் போவதற்குள் நானே இல்லாமல் போய்விட்டால் அவளும் மாடசாமி மாதிரிதான் சொல்லுவாள், அம்மா இருக்கா, டப்பா வருதே என்று.

சங்கத்தின் பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள். ஆனால் எங்கள் பொதுக்குழுவில் வருஷாவருஷம் ஒரே கூச்சல்தான், ஆகையால் வணக்கம் சொன்ன அடுத்த நொடியில் எல்லாரும் வடையைத் தின்றுவிட்டுச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது இருப்பதே தொடரட்டும் என்று முடிவாகியிருந்தது. நானும் கையைத் தூக்கியிருக்கிறேன் போல, தோள்பட்டை வலித்தது.

அதன் பிறகுதான் எப்சிபா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. "எப்சிபா, நான் வடிவு," என்றேன். அவள் கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பேசுறீங்க," என்றாள்.

"பேசாம? என் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும்."

"காலையில பேச மாட்டேங்கறீங்களே அக்கா."

அவளுக்கு மட்டும் அந்த லிங்க் லிங்க்காகவே இருந்தது, வேண்டும்போது அழுத்துவாள், வேண்டாதபோது விடுவாள், ஆகையால் அவளுக்கு மட்டும் காலை இருந்தது. உட்காரச் சொல்லி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்ட காலையை எனக்குச் சொன்னாள்.

"இருட்டோட எல்லாரும் எந்திரிக்கிறீங்க. விளக்குமாத்துச் சத்தம் கேக்கும், மிக்சி கேக்கும், குக்கர் விசில் கேக்கும். மனுஷ சத்தம் மட்டும் கேக்காது. ஒருத்தர் இருமமாட்டாங்க. ஒரு பிள்ளை அழாது, மேல்வீட்டுப் பிள்ளை மட்டும்தான் அழும். நீங்க தினமும் ஒரு குடம் தண்ணி கொண்டாந்து இந்த வாசல்ல வைக்கிறீங்க. அக்கா, அக்கான்னு கூப்பிட்டிருக்கேன். எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். ஒருநாள் உங்க கையப் பிடிச்சேன். கை நின்னுச்சு. விட்டதும் போயிருச்சு." அவள் குரல் இறங்கியது. "மத்தவங்க சத்தமாவது பத்து மணியோட மாறும். செண்பகம் அக்கா காலடி மாறவே மாட்டேங்குது. மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. மத்தியானமும் கேக்குது. இப்பவும் கேக்குது. உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவில்லை. வெயிலில் காய்கிற படி மட்டும் கதவு வழியாகத் தெரிந்தது, ஆளில்லாமல்.

"பிச்சுமணிட்ட சொன்னியா?"

"தினமும் எழுதுறேன். தினமும் அதே புகார்தானே. அவருக்குத் தாண்டிப் போயிருது." அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆராய்ச்சிக்காகப் பார்வை இல்லாத பல பேரைக் கேட்டேன்க்கா, எது ரொம்பக் கஷ்டம்னு. மேல என்ன இருக்குன்னு தெரியாம ஒரு பக்கத்தோட நடுவுல இறக்கிவிடுறதுதான் பயம்னு சொன்னாங்க. ஆனா திரும்பி ஏறவும் வழி இருக்கு. மேல் அம்புன்னு ஒரு பட்டன். அதை அழுத்தினா ஒவ்வொரு வரியாப் பின்னால போகும். நாங்க அப்படித்தான் போவோம்."

"எனக்கு வேலை செய்யுமா?"

"தெரியாது. செஞ்சாலும் ஒண்ணு இருக்கு. ஏறினா எல்லாமே இருக்கும். பிடிச்சதை மட்டும் பொறுக்கிக்கிட முடியாது. அங்க உங்களத் தவிர யாரும் முழிச்சிருக்கவும் மாட்டாங்க."

துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டேன். அவள் சங்கத்து வெப்சைட்டில் பாலிலிருந்து பள்ளிக்கூட வேன்வரை தினப்படி நேரங்களைப் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து, குரலை மெதுவாக்கி, என் விரலைப் பட்டனில் வைத்தாள். அழுத்தினேன். பள்ளிக்கூட வேன் புறப்படும் நேரம் என்றது. இன்னொரு அழுத்து, குப்பை வண்டி வரும் நேரம். ஒவ்வொரு வரிக்கும் காற்று குளிர்ந்தது. குப்பை வண்டிக்கு மேலே தண்ணீர், தண்ணீருக்கு மேலே பேப்பர், பேப்பருக்கு மேலே பால். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது, அதன் மேலே ஆவி வாசனை, புளித்த மாவின் வாசனை. எப்சிபா பக்கத்திலிருந்து "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டது ரொம்ப தூரத்திலிருந்து கேட்டது. விரலை எடுத்துவிடலாம், எடுத்தால் பதினொரு மணி வெயிலில் இருப்பேன் என்று தெரியும். எடுக்கவில்லை. இதற்கு மேல் வரி இல்லை என்று குரல் சொன்னது.

துண்டை அவிழ்த்தேன். இருட்டாக இருந்தது. என் அடுப்படியில் நின்றேன்.

எத்தனையோ வருஷமாக நான் அலுத்துக்கொண்ட காலை, ஒரு சாமானும் இடம் மாறாமல் அப்படியே இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன், தீப்பெட்டி கை தவறிக் கீழே விழுந்தது, அந்தச் சத்தத்துக்கு வீட்டில் யாரும் அசையவில்லை. அவர் வாஷ்பேசின் முன்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தார், கண் திறந்திருந்தது, கண்ணுக்குள் ஆள் இல்லை, நுரை வழிந்து பனியனில் சொட்டியது. "ஏங்க," என்றேன். என்னைத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போனார். அது பழைய வழக்கம்தான். வராண்டாவில் பெண்கள் பால் பாக்கெட்டோடு வரிசையாகப் போனார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி தோள் இடித்தும் ஒருத்தரும் திரும்பவில்லை. நேற்றுவரை இந்த வரிசையில்தான் நானும் போனேன்.

படியில் செண்பகம் இறங்கி வந்தாள், ஒரு கையில் வாளி, இடுப்பில் பிள்ளை. நான் அவளுடைய கையைப் பிடித்ததும் சுவிட்சை அணைத்த காற்றாடி மாதிரி நின்றாள். கை, பிழிந்துபோட்ட துணிபோலச் சில்லென்று இருந்தது. செண்பகம், ஏட்டி செண்பகம் என்று கன்னத்தைத் தட்டினேன், உலுக்கினேன். "ம்," என்றாள். விட்டதும் இறங்கிப்போனாள்.

திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நித்திலா சீருடையில் கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், ரிப்பனும் சீப்பும் பக்கத்தில், முதுகு எனக்காகக் காத்திருந்தது. பின்னால் உட்கார்ந்து வகிடு எடுத்தேன். கண்ணாடியில் இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தபடி இருந்தன, என்னைப் பார்க்கவில்லை. பேசினேன். பரீட்சையைப் பற்றிப் பேசினேன், கோயம்புத்தூரில் மழை அதிகம், தலையைத் துவட்டாமல் படுக்காதே என்றேன், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொன்னேன், சொல்லாமல் விட்டதெல்லாம் சொன்னேன், சுவரோடு பேசினாலும் எதிரொலி வரும்.

கான்வென்டில் ஜெபத்தின் நடுவில் நான் தூங்கி வழிந்தால் சிஸ்டர் காதைப் பிடித்துத் திருகுவார். அந்தத் திருகலில் எங்கே இருந்தாலும் திரும்பி வந்துவிடுவேன். அது ஞாபகம் வந்தது. முதல் பின்னலை, கோபம் வந்தால் போடுவேனே, அப்படி இழுத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டாவதை மூன்றாகப் பிரித்து, அடியிலிருந்தே இறுக்கினேன், தலை பின்னால் சாய்ந்து என் நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு இழுத்தேன். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கையை விடவில்லை.

அவள் கை எழுந்தது. மெதுவாக, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ம்மா. வலிக்குது."

பின்னலை நான் தளர்த்தவில்லை.

"எத்தன தடவ சொல்றது, இவ்வளவு இறுக்காதேன்னு." கண்ணாடியில் அவள் முகம் சுளித்தது, அந்தக் கண்ணுக்குள் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். "அழுறியா? என்னம்மா, எதுக்கு அழுற?"

"தெனமும் இதையேதான சொல்ற," என்றேன்.

"நாளைக்கும் சொல்லுவேன்."

"சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசல் வழியாக வாஷ்பேசின் தெரிந்தது. "அப்பா ஏன் அப்படி நிக்கிறாங்க?"

"அவருக்கு இழுக்கிறதுக்கு மீசை இருக்கு, அதை அப்புறம் பாத்துக்கிடுவோம். எந்திரி, கதவத் தொறந்து வை. நான் கூப்பிட்டா பதில் குடுத்துக்கிட்டே இரு. நிறுத்திராத."

சீப்பை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். மேலே இன்னும் இருட்டு விலகவில்லை. காலடி இறங்கி வந்தது, அவசரமில்லாமல், நிற்காமல். நடுப்படியில் மறித்து, வாளியை வாங்கி வைத்து, தோளை அழுத்திச் செண்பகத்தை உட்காரவைத்தேன், பிள்ளையை அவள் மடியில் விட்டேன். பிள்ளை விழித்திருந்தான். வெப்சைட்டைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், அவன் எல்லாக் காலையிலும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, அது தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று. என்னைப் பார்த்ததும் புதுப் பல்லைக் காட்டிவிட்டு, மறுபடியும் அவள் முகத்துக்கே திரும்பிக்கொண்டான்.

அவளுக்குப் பின்னால் ஒரு படி மேலே உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன். சிக்கு சிக்காக இருந்தது.

"நித்திலா," என்று கூப்பிட்டேன்.

"இருக்கேம்மா," என்றது கீழேயிருந்து.

முடியை இரண்டாகப் பிரித்து, முதல் பின்னலை என் பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினேன். செண்பகம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவதைப் பிடித்தேன்.